சபாவோடி ஏலக்கூடத்தில் விழுந்த குத்து

ஒன் பீஸ் என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் படக்கதைத் (மங்கா) தொடரில் விழுந்த அடிகளில் எது பெரிது என்று பேச்சு வந்தால், தீவையே பிளக்கும் சண்டைகளை எல்லாம் விட்டுவிட்டு 502ஆம் அத்தியாயத்தைச் சொல்கிறவர்கள் நிறைய. சபாவோடி தீவுக்கூட்டத்தின் அடிமை ஏலக்கூடத்தில், உலகையே ஆளும் பிரபுக் குலமான செலஸ்டியல் டிராகன்களில் ஒருவனான சார்லோஸின் முகத்தில், கதையின் நாயகனும் கொள்ளையர் தலைவனுமான லூஃபி விட்ட குத்து. 2008இல் மங்காவில் வந்தது, அடுத்த ஆண்டு ஏப்ரலில் அனிமேயின் 396ஆம் எபிசோடாக ஆனது. அதைப் பார்த்தபோது கிடைத்த நிறைவைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. என்னை அரிப்பது வேறு ஒன்று. அதே கதாசிரியர் எய்ச்சிரோ ஓடா சில வருடம் கழித்து டிரெஸ்ரோசா என்ற நாட்டின் கதையில் இன்னொரு செலஸ்டியல் டிராகன் குடும்பம் அடிபடுவதை வரைகிறார். அடிப்பவர்கள் அந்தக் குலத்தால் எல்லாம் இழந்த மக்கள்தான். அவர்களின் கோபத்தில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் நம் கை தட்ட எழவில்லை, புத்தகத்தை மூடிவைக்கத்தான் தோன்றுகிறது. அடிபடுவது சின்னப் பிள்ளைகள், அதனால்தான் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இரண்டு காட்சிகளும் கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சட்டத்துக்கு வெளியே வாழ்கிறவன் கர்வம் பிடித்த பிரபுவை மண்ணைக் கவ்வ வைக்கும் கதைக்கு ஜப்பானில் பஞ்சமே இல்லை. கபுகி மேடையிலிருந்து இன்றைய இணைய நாவல் வரை நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன, பெரும்பாலானவை படித்த மறுநாள் நினைவில் நிற்பதில்லை. இந்த ஒரு குத்து மட்டும் ஏன் இத்தனை வருடம் நிற்கிறது?

மண்டியிடும் தெரு

லூஃபி கையை ஓங்குவதற்கு முன், ஓடா அந்தத் தீவின் சட்டத்தை வாசகர் கண்ணெதிரே அடுத்தடுத்து நடத்திக் காட்டிவிடுகிறார். தப்பியோடும் அடிமை ஒருவன் தெருவில் கெஞ்சுகிறான், கழுத்துப் பட்டை வெடிக்கிறது. சார்லோஸ் ஓர் அடிமையின் முதுகில் ஏறி வருகிறான், தெரு முழுக்க மண்டியிடுகிறது. ரத்தம் வழியும் ஒரு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவர்கள் குறுக்கே வந்துவிட, அவன் நோயாளியை உதைக்கிறான். கூட இருந்த பெண்ணைத் தன் மனைவியாக்கிக்கொள்வதாக அறிவிக்கிறான். தடுக்க வந்த அவளுடைய வருங்காலக் கணவன் சுடப்படுகிறான். இதில் யாரும் நமக்கு அறிமுகமானவர்கள் இல்லை, பலருக்குப் பெயர்கூடக் கிடையாது. எதிரியின் கொடுமையைக் காட்ட நாயகனின் நண்பனை முதலிலேயே அடிக்கிற கதைகளில் நமக்கு வருவது சொந்தப் பகை. இங்கே முன்பின் தெரியாதவர்கள் அடிபடுவதால் அது ஒரு ஊரின் நடைமுறையாகப் பதிகிறது.

ஜப்பானிய வாசகருக்கு அந்தத் தெருக்காட்சி புதிதல்ல. எடோ காலத்தில், அதாவது தொகுகவா குடும்பம் ஜப்பானை ஆண்டபோது, ஆட்சித்தலைவரான ஷோகுனின் ஊர்வலமோ தொகுகவா கிளைக் குடும்பங்களின் ஊர்வலமோ வந்தால், "தாழ, தாழ" என்று முன்னால் குரல் கொடுத்துப் போவார்கள், மக்கள் தரையில் பணிய வேண்டும். மற்ற டைம்யோக்களுக்கு, அதாவது வட்டாரப் பிரபுக்களுக்கு, ஒதுங்கி வழிவிட வேண்டும். வழிவிடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1862இல் நடந்த நமமுகி சம்பவம் சாட்சி. சத்சுமா பிரபு வீட்டு ஊர்வலத்தின் நடுவே குதிரையில் போன ஆங்கிலேய வணிகர் ரிச்சர்ட்சன் அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மறுவருடம் பிரிட்டிஷ் கப்பல்கள் ககோஷிமாவைச் சுட்டது அதன் தொடர்ச்சி. ஆனாலும் அந்தக் காலத்து அதிகாரத்துக்குச் சில கடிவாளங்கள் இருந்தன. பிரசவம் பார்க்க ஓடும் மருத்துவச்சி ஊர்வலத்துக்குக் குறுக்கே போகலாம். அவமதித்த சாமானியனை வெட்ட சாமுராய்க்கு உரிமை உண்டு, ஆனால் உடனே மேலிடத்தில் சொல்ல வேண்டும், சாட்சி வேண்டும், காரணம் நிற்காவிட்டால் தண்டனை அவனுக்கே. ஓடா அந்த ஊர்வலத்தை எடுத்துக்கொண்டு கடிவாளங்களை மட்டும் கழற்றிவிட்டார். உயிருக்குப் போராடும் நோயாளியே உதைபடுவது அந்த வேலைதான். சாமானியர்கள் சுவாசிக்கும் காற்றைத் தாங்கள் சுவாசிக்கக் கூடாது என்று அவர்கள் தலையில் மாட்டியிருக்கும் குமிழியும் அப்படித்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சட்டத்துக்கு உள்ளே நல்லவர்களே இல்லை என்று ஓடா சொல்வதில்லை. கடற்படையின் கார்ப் இருக்கிறார். ஆனால் அவரால் முடிந்ததெல்லாம், காட் வேலி என்ற தீவில் அந்தப் பிரபுக்களைக் காப்பாற்றியதற்காகத் தன்னை வீரன் என்று கொண்டாடுவதை வெறுப்பது மட்டுமே. அரசர்கள் மண்டியிடுகிறார்கள், பிரபுவின் மேல் கை பட்டால் அட்மிரல் போர்க்கப்பலோடு வருவார். முறையிட ஓர் இடம் மிச்சமிருந்தால், அடிக்கிற கொள்ளைக்காரன் வெறும் பொறுமையில்லாதவன் ஆகிவிடுவான். இந்த வகைக் கதை எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: நல்ல அரசர் ஒருவரை ஓர் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, நாயகனை வாளெடுக்கச் சொல்கிறார்கள்.

ஐம்பது கோடி

ஏலக்கூடக் காட்சியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி குத்துக்கு முந்திய இரண்டு நிமிடம். கேமி என்ற கடற்கன்னியைக் கடத்திவந்து கண்ணாடித் தொட்டியில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் தீவில் உயிர்களுக்கு விலைப்பட்டியலே உண்டு. சாதாரண மனிதன் 5 லட்சம் பெரி (அந்த உலகத்து நாணயம்), மீன்மனிதன் 10 லட்சம், கடற்கன்னி 7 கோடி. அடிதடியில் இறங்கினால் கேமியின் கழுத்துப் பட்டை வெடிக்கும். ஆகவே லூஃபியின் கூட்டாளி நாமி ஒரு முடிவுக்கு வருகிறாள்: கையில் இருக்கும் 20 கோடியையும் போட்டுக் கேமியை ஏலத்தில் எடுத்துவிடலாம். அடிமைச் சந்தையின் விதிப்படியே, அதன் பணத்தாலேயே நண்பியை மீட்பது. ஒவ்வொரு காசையும் எண்ணி வைக்கும் நாமி, இளம் வயதில் தன் ஊரையே 10 கோடி பெரி கொடுத்து மீட்கப் பார்த்து ஏமாற்றப்பட்டவள், மறுபடியும் பணத்தை எடுத்து நீட்டத் தயாராகிறாள். இதைவிட அடங்கிப்போகிற கடற்கொள்ளையரை எங்கே பார்க்க முடியும்? அவள் வாயைத் திறப்பதற்குள் சார்லோஸ் 50 கோடி என்று கத்துகிறான். கடற்கன்னி அவனுக்கு மீன்தொட்டியில் போட்டுப் பார்க்க ஒரு விளையாட்டுப் பொருள். கூடம் அடங்கிப்போகிறது, ஏலம் முடிந்துவிட்டது.

அந்த 50 கோடி ஒரு கதவை அடைக்கிறது. விதிக்குக் கட்டுப்பட்டு மீட்கலாம் என்ற கடைசி வழியும் போய்விட்டது. அடுத்த கதவை அடைப்பவன் கேமியின் நண்பனான மீன்மனிதன் ஹாச்சி. தீவுக்கு வரும் முன்பே அவன் இவர்களிடம் ஒரு வாக்குறுதி வாங்கியிருந்தான்: கண்ணெதிரே யார் கொல்லப்பட்டாலும் செலஸ்டியல் டிராகன்களை எதிர்க்கக் கூடாது. ஏலக்கூடத்துக்குள் பாய்ந்து வந்த லூஃபி நேரே கேமியை நோக்கி ஓட, அந்த வாக்குறுதியைக் காப்பாற்றத்தான் ஹாச்சி அவனைப் பிடித்து நிறுத்துகிறான். நிறுத்துகிற அவசரத்தில், மறைத்து வைத்திருந்த அவனுடைய மற்றக் கைகள் வெளியே தெரிந்துவிடுகின்றன. மீன்மனிதன், அருவருப்பு என்று கூட்டம் அலறி விலகுகிறது. துப்பாக்கி வெடிக்கிறது. ஓசியில் ஒரு மீன்மனிதன் கிடைத்தான் என்று சார்லோஸ் குதிக்கிறான். சுடப்பட்டவன் எதிர்த்தவன் இல்லை, எதிர்க்காதே என்று தடுத்தவன். விதியை அந்தக் கூடத்திலேயே யாரைவிடவும் உண்மையாகக் கடைப்பிடித்தவன் ரத்தத்தில் கிடக்கிறான். அந்த நொடியில் வாக்குறுதிக்கு அர்த்தமே போய்விடுகிறது: அடங்கிப்போனால் உயிர் மிஞ்சும் என்பதுதானே அதன் அடிப்படை.

அதற்குப் பிறகும் ஹாச்சி கீழே கிடந்தபடி லூஃபியிடம் கோபப்படாதே என்கிறான். ஒரு காலத்தில் நாமியின் ஊரை வதைத்த ஆர்லாங் கும்பலில் இருந்தவன் அவன். கொஞ்சமாவது ஈடுசெய்ய நினைத்தேன், எதற்கும் உதவாமல் போய்விட்டேன் என்று அழுகிறான். லூஃபி பதில் சொல்வதில்லை, படியேறுகிறான். சண்டைக்கு முன் தாக்குதலின் பெயரை முழங்குவது அவன் வழக்கம், அது இங்கே கிடையாது. வசனமும் கிடையாது. சார்லோஸ் எரிச்சலோடு துப்பாக்கியை இவன் பக்கம் திருப்பிச் சுடுகிறான். அடுத்தது குத்து. அதன் பின் லூஃபி கூட்டாளிகளிடம் மன்னிப்புக் கேட்கிறான்: இவனை அடித்தால் அட்மிரல் வருவாராம். அப்படியானால் அடிக்கும்போதே அவனுக்கு விலை தெரியும். கூட்டாளி சோரோவோ, நீ முந்திவிட்டாய், வெட்டுகிற வாய்ப்பு போய்விட்டது என்கிறான். அறியாமல் செய்த வீரமாக இருந்திருந்தால் இந்தக் காட்சி பாதிகூட நின்றிருக்காது.

விலையைக் கட்டுபவர்கள்

விலையை ஓடா தள்ளுபடி செய்யவே இல்லை. அட்மிரல் கிசாரு உண்மையிலேயே வருகிறார். அரசின் இயந்திர மனிதர்களான பசிஃபிஸ்டாக்களில் ஒரே ஒன்றை வீழ்த்தவே மூச்சு வாங்கிய கும்பல் அவர் முன் சிதறுகிறது. கடைசியில் அரசின் பக்கம் நிற்கும் குமா ஒவ்வொருவராகத் தொட்டு மறைய வைக்கிறார். 513ஆம் அத்தியாயம் முடியும்போது ஒன்பது பேர் கொண்ட கப்பலில் ஒருவரோடு ஒருவர் இல்லை. ஒரு தோழனைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே என்று லூஃபி தரையில் தலையை முட்டி அழுகிறான். அவர்கள் மீண்டும் கூடக் கதைக்குள் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு குத்துக்கு இத்தனை பெரிய செலவு காட்டிய ஷோனென் (சிறுவர்களுக்கான) கதை எனக்கு வேறு தெரியவில்லை.

அந்தச் செலவுக்கு ஒரு வரவும் உண்டு, அது எதிர்பாராத திசையில் இருந்து வருகிறது. போவா ஹான்காக் 12 வயது முதல் 16 வயது வரை அந்தக் குலத்தின் அடிமையாக இருந்தவள், முதுகில் அவர்களுடைய சூட்டுத் தழும்பைச் சுமப்பவள். எந்த ஆணையும் மதிக்காத அவள், உயிரைப் பணயம் வைத்து செலஸ்டியல் டிராகனை அடித்த முட்டாள் இவன்தான் என்று தெரிந்ததும் மாறுகிறாள். இம்பெல் டவுன் சிறைக்கு லூஃபியைக் கொண்டுசேர்ப்பது அந்த மாற்றம்தான். அடிபட்ட சார்லோஸிடம் எந்த மாற்றமும் இல்லை. அடுத்து அரசர்கள் கூடும் ரெவரி மாநாட்டில் நாம் அவனைப் பார்க்கும்போது கடற்கன்னி இளவரசி ஷிராஹோஷியைச் சங்கிலியால் கட்டி இழுக்கப் பார்க்கிறான். அடித்தால் பிரபு திருந்துவான் என்று ஓடா எங்கேயும் சொல்லவில்லை. அவர்களைத் தொடவே முடியாது என்று நம்பி வாழ்ந்தவர்களிடம்தான் அந்தக் குத்து வேலை செய்கிறது.

இந்தக் கணக்கு எடோ காலத்துக் கொள்ளைக்காரர் கதைகளிலும் இருந்தது. நெசுமி கோசோ என்று பெயர் பெற்ற திருடன் ஜிரோகிச்சி, எடோவில் டைம்யோ மாளிகைகளாகப் பார்த்து நுழைந்து 3,000 ரியோ பொற்காசுக்கு மேல் திருடியவன். 1832இல் தலை வெட்டப்பட்டது. மாளிகைகளையே தேர்ந்தெடுத்ததில் ஒரு சூட்சுமம் உண்டு: உள்ளே பெண்கள் பகுதியில் காவல் குறைவு, தவிர, திருடு போனதை வெளியே சொல்லப் பிரபுக்கள் வெட்கப்பட்டார்கள். திருடிய பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தான் என்பது பின்னால் கதையும் கபுகியும் சேர்த்துக்கொண்டது. ஏழைகள் கொண்டாடியது பணத்தை விடவும் அந்த வெட்கத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது. குனிசாதா சூஜி என்ற சூதாடிகளின் தலைவன் பஞ்ச காலத்தில் ஊருக்கு உதவியவனாகப் பாட்டிலும் நாடகத்திலும் வாழ்கிறான். ஆனால் சோதனைச்சாவடியை உடைத்த குற்றத்துக்காக அதே இடத்தருகே அறையப்பட்டுச் செத்தான் என்பதை எந்த வடிவமும் மறைப்பதில்லை. விலையைச் சொல்லித்தான் அந்தக் கதைகள் முடியும்.

இதற்கு நேர் எதிரான மரபும் ஜப்பானில் பலமாக இருக்கிறது. 1969 முதல் 2011 வரை தொலைக்காட்சியில் ஓடிய மிதோ கோமோன் தொடர் அதற்கு உச்சம். ஊர் ஊராகச் சுற்றும் சாதாரணக் கிழவரைக் கெட்ட அதிகாரி மிரட்டுவான். முடிவு நெருங்கும்போது உதவியாளர் தொகுகவா முத்திரை பொறித்த சிறு பெட்டியை எடுத்து நீட்டுவார், அதிகாரி மண்ணில் விழுவான். கிழவர் உண்மையில் ஷோகுன் குடும்பத்து மித்சுகுனி. பார்க்க இனிமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சின்னப் பிரபுவை விழ வைப்பது பெரிய பிரபுவின் முத்திரை. மண்டியிடும் வழக்கம் அப்படியே இருக்கிறது, யார் முன்னால் என்பது மட்டும் மாறுகிறது. இன்றைய இணைய நாவல்களில் குவியும் பழிவாங்கும் கதைகளில் பெரும்பகுதி இந்த வழிதான். ஒதுக்கப்பட்டவன், விரட்டப்பட்டவன் என்று நாயகன் தொடங்குவான், கடைசியில் அவன் அரச வம்சமாகவோ மந்திர வலிமையில் எல்லாருக்கும் மேலானவனாகவோ வெளிப்படுவான். பிரபுவோ முதல் வரியிலேயே முட்டாள், அவனுக்கு ஊர் ஏன் பயப்படுகிறது என்றே புரியாது. அடிக்கு விலையும் இல்லை, ஏனென்றால் அடிக்கிறவன் ஏற்கனவே மேலே நிற்கிறான். அந்த இன்பம் அத்தனை சீக்கிரம் வடிந்துபோவது இதனால்தான்.

டான்கிஹோட்டே ஹோமிங்

இப்போது முதலில் சொன்ன உறுத்தலுக்கு வரலாம். ஹோமிங் ஒரு செலஸ்டியல் டிராகன். மனிதனாக வாழ வேண்டும் என்று விரும்பி, தன் பதவியைத் துறந்து, மனைவியோடும் இரண்டு மகன்களோடும் வடகடலில் ஒரு நாட்டுக்குக் குடிபோகிறார். அவர்கள் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் குலத்தால் பிள்ளையை, பெற்றோரை இழந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வீடு எரிக்கப்படுகிறது. ஓடி ஒளிந்த இடத்தில் மனைவி நோயில் சாகிறாள். பிடிபட்ட தந்தையையும் பிள்ளைகளையும் சுவரில் தொங்கவிட்டு வதைக்கிறார்கள். என்னைக் கொல்லுங்கள், பிள்ளைகளை விடுங்கள் என்று அவர் கத்துகிறார். அன்று எட்டு வயதிலிருந்த மூத்த மகன் டோஃப்லமிங்கோ, பத்து வயதில் தந்தையைச் சுட்டுக் கொன்று, தலையை எடுத்துக்கொண்டு அந்தக் குலம் வாழும் மேரி ஜியோஸுக்குப் போகிறான், தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. அவர்கள் சேர்க்கவில்லை. பின்னாளில் ஒரு நாட்டையே நூலில் ஆட்டிவைத்தவன் அவன்.

அந்த ஊராரை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அவர்கள் இழந்தது மெய். ஆனால் பிரபு குமிழியோடும் துப்பாக்கியோடும் வந்த நாட்களில் அவர்களும் சபாவோடித் தெருவைப் போல மண்டியிட்டுத்தான் இருந்திருப்பார்கள். அடி விழுந்தது, அவர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வந்த பிறகு. அட்மிரல் வரமாட்டார் என்று தெரிந்த பிறகு. லூஃபி அடித்தது துப்பாக்கியைத் தன் மேல் நீட்டிக்கொண்டிருந்தவனை, பின்னால் கடற்படை முழுதும் நிற்கும்போது. இரண்டு காட்சிகளுக்கும் நடுவே உள்ள வேறுபாடு அடிபடுகிறவரின் வயதில் மட்டும் இல்லை, அடிக்கிறவர் என்ன கட்டுகிறார் என்பதிலும் இருக்கிறது. ஹோமிங்கை அடித்தவர்கள் எதையும் கட்டவில்லை. அதனால் அந்தக் கடன், வட்டியோடு டிரெஸ்ரோசா மக்கள் தலையில் வந்து விழுகிறது.

அதே டான்கிஹோட்டே குடும்பத்தில் இன்னொருவரும் உண்டு, மியோஸ்கார்ட். தன் அடிமைகளைத் திரும்பப் பிடிக்க மீன்மனிதர் தீவுக்கு வந்து, கப்பல் உடைந்து, முன்னாள் அடிமைகளின் கையில் சிக்கியவர். சுட்டுக் கொன்றிருப்பார்கள். ஷிராஹோஷியின் தாய் ராணி ஒட்டோஹிமே குறுக்கே நின்று காப்பாற்றினாள், அந்த நன்றி கெட்டவர் அவள் மேலேயே துப்பாக்கியைத் திருப்பியும்கூட. வருடங்கள் கழித்து ரெவரியில், ஷிராஹோஷியை இழுத்துப் போகவந்த சார்லோஸை அடித்துச் சாய்த்தவர் இதே மியோஸ்கார்ட்தான். உன் அம்மா என்னை மனிதனாக்கினார் என்கிறார். தொடர் முழுவதிலும் உண்மையிலேயே மாறிய செலஸ்டியல் டிராகன் என்று சொல்ல முடிவது இவரை. மாறியது அடிபட்டதால் இல்லை. அவரும் விலை கட்டினார்: தன் குலத்தவராலேயே தண்டிக்கப்பட்டு, ஃபிகர்லாண்ட் கார்லிங் கையால் உயிர்விட்டார்.

பிறகு குமா. காட் வேலியில் மனித வேட்டைக்கு விடப்பட்ட அடிமைச் சிறுவன், வளர்ந்த பின் தன் நினைவையே அரசிடம் விற்று மகளின் உயிரை வாங்கியவன், சபாவோடியில் அந்த ஒன்பது பேரையும் தொட்டு வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பிக் காப்பாற்றியவனும் அவனே. எக்ஹெட் தீவில், எதையும் உணர முடியாத நிலையிலும், மகள் போனிக்காகக் கடலும் மலையும் கடந்து வந்து உலக அரசை நடத்தும் ஐந்து மூத்தவர்களில் ஒருவரான சாட்டர்னைக் குத்துகிறான். சபாவோடிக் குத்துக்கு நிகராக நான் வைப்பது இது ஒன்றைத்தான். இங்கே விலை குத்துக்கு முன்பே முழுசாகக் கட்டப்பட்டுவிட்டது. ஆளே மிச்சமில்லை, கை மட்டும் இருக்கிறது.

கதை இறுதிப் பகுதிக்கு வந்துவிட்டது. சார்லோஸ் இன்னும் உயிரோடு இருக்கிறான், மேரி ஜியோஸ் ஒருநாள் விழத்தான் போகிறது. விழும் அன்று அவனைத் தெருவில் இழுத்துவந்து கூட்டத்திடம் விடும் ஒரு பக்கத்தை எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த விருப்பம் இல்லை. குமிழி உடைந்து, காவல் இல்லாமல், மற்றவர்கள் சுவாசிக்கும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நிற்கும் சார்லோஸை அடிப்பதை ஓடா ஏற்கனவே ஒருமுறை வரைந்துவிட்டார். அப்போது அந்த ஆளின் பெயர் ஹோமிங். இந்த முறை மீன்மனிதர்களும் ஹான்காக்கும் அங்கே இருந்தால் என்ன செய்வார்கள் என்பதுதான் நான் படிக்கக் காத்திருக்கும் அத்தியாயம்.